கடலூரை விட்டு மத்தியதரைக்கடல் ஓரம் போய்க் குடியிருக்க முடியுமா? வலென்சியா, தூலோன், வேறு எந்த ஊர்?

மஞ்சக்குப்பத்தான்
2025 செப்டம்பர் 7, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டுப் போவதோடு சரி, இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன். வயது 39, ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். சென்னைக் கம்பெனிக்கு வேலை, ஆனால் கொரோனா காலத்திலிருந்து வீட்டில் உட்கார்ந்துதான். மனைவி, 7 வயதில் ஒரு பெண், கூடவே அம்மா (68). மாதம் கைக்கு 1.9 லட்சம் வருகிறது. செம்மண்டலம் பக்கம் ஒரு மனை கிடக்கிறது, விற்றால் 55 லட்சம் தேறும் என்கிறார் தரகர்.

போன வருடம் ஃபெஞ்சல் புயல் கரையேறி மழையெல்லாம் விட்ட பிறகு, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து வீட்டுக்குள் நுழைந்தது. தானே வந்தபோது 2011-இல் கூரை போனது, 2015-இல் வெள்ளம், இப்போது இது. பெண்ணுடைய பள்ளிப் புத்தகங்களை மொட்டை மாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் இந்த எண்ணம் வந்தது. யூடியூபில் ஒருவர் ஸ்பெயினில் இருக்கும் வலென்சியாவில் மாதம் 1,200 யூரோ இருந்தால் ராஜா மாதிரி வாழலாம் என்கிறார். கடல் இல்லாத ஊரில் என்னால் இருக்க முடியாது, அதே சமயம் பாரிஸ் லண்டன் செலவும் தாங்காது. இது நடக்கிற காரியமா? போனவர்கள், போய்த் திரும்பியவர்கள் சொல்லுங்கள்.

சில்வர்பீச் சிங்கம்
செப்டம்பர் 7, இரவு 11.41

தேவனாம்பட்டினத்தில் இல்லாத கடலா அங்கே இருக்கிறது? சுண்டலும் கிடைக்காது, ஒன்றும் கிடைக்காது. பேசாமல் தூங்குங்கள்.

உப்பளத்துப் பேரன்
செப்டம்பர் 8, காலை 5.10

அண்ணா, நான் பிரான்சில் தூலோனில் ஆறு வருடமாக இருக்கிறேன். முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் அனுபவத்தைப் படித்துவிட்டு நீங்கள் தப்புக் கணக்கு போடுவீர்கள். என் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் படையில் சிப்பாய். இந்தோசீனாவில் இருந்து திரும்பியவர். 1962 ஆகஸ்டில் புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், கொடுத்த ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய கூடப்பிறந்த தம்பி எழுதிக் கொடுக்கவில்லை, ஏன் என்று அவரும் கடைசிவரை சொல்லவில்லை. இன்றைக்கு அந்தத் தம்பியுடைய பேரன் ஐரோப்பாவுக்கு வர ஷெங்கன் விசாவுக்காக வங்கிக் கணக்கை அச்சடித்துக்கொண்டு அலைகிறான். நான் ஒரு பையை மாட்டிக்கொண்டு நாளைக்கே வலென்சியாவுக்கு ரயிலேறி, அங்கேயே வீடெடுத்து, வேலையும் தேடலாம். உங்கள் கடலூரை 1690-லேயே ஆங்கிலேயர்கள் வாங்கிவிட்டார்கள், அதற்கு நான் என்ன செய்ய? இருபது சொச்சம் கிலோமீட்டரில் தலையெழுத்து மாறிவிட்டது.

தூலோன் எப்படி என்றால், நீஸ் மாதிரி விலை கூடின ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாதவர்கள் வருகிற ஊர். கடற்படைத் துறைமுகம், பின்னால் ஃபரோன் மலை, நடுவில் பழைய நெருக்கமான தெருக்கள். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில் 50 சதுர மீட்டருக்கு 640 யூரோ கொடுக்கிறேன். லஃபாயெத் சந்தையில் கடலை மாவைக் கரைத்து, பெரிய செம்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவிக் காகிதத்தில் கட்டிக் கொடுப்பார்கள். பெயர் காத். முதல் தடவை தின்றபோது, அட, ஓரம் முறுகிய நம்ம வீட்டு அடையாச்சே என்று இருந்தது. பச்சை மிளகாய்தான் இல்லை.

கஷ்டமும் சொல்லிவிடுகிறேன். மிஸ்த்ரால் என்று ஒரு வடகாற்று. வந்தால் மூன்று நாள், இல்லையேல் ஆறு, இல்லையேல் ஒன்பது என்பது இந்த ஊர்க்காரர்கள் கணக்கு. வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், காற்று மட்டும் எலும்பைக் கிள்ளும். வாடகை வீடு பிடிக்க, சம்பளம் வாடகையைப் போல் மூன்று மடங்கு இருக்கிறது என்று காட்டச் சொல்வார்கள், அதோடு உங்களுக்காகக் கையெழுத்துப் போட ஓர் ஆளும் வேண்டும். எனக்கு மார்செயில் சித்தப்பா இருந்தார், பிழைத்தேன். இந்திய பாஸ்போர்ட்டோடு பிரான்சில் சும்மா தங்குவதற்கு ஒரு நீண்டகால விசா உண்டு, ஆனால் அங்கே வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். புதுச்சேரியில் லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கே இங்கத்தியார் இழுத்துப் பேசுவது புரிய ஒரு வருடம் ஆனது. மொழி தெரியாமல் இங்கே ஒரு தபால் கூட வாங்க முடியாது.

முத்தியால்பேட்டைப் பொண்ணு
செப்டம்பர் 8, மதியம் 2.35

வலென்சியாவில் 2019-இலிருந்து இருக்கிறேன். கணவருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை, அந்த வழியில் வந்தோம்.

1,200 யூரோவுக்கு ராஜா என்று சொன்னவர் தனி ஆளாக இருப்பார், அல்லது அந்தக் காணொளியை 2018-இல் எடுத்திருப்பார். நாங்கள் வந்தபோது பெனிமாக்லெட்டில் இரண்டு படுக்கையறை வீடு 620 யூரோ. போன மாதம் எங்கள் மாடியிலேயே எதிர்வீடு 1,150-க்குப் போனது. ஜெர்மனியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அதுவும் மலிவுதான். மற்றபடி காய்கறி, பழம், பேருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் தாங்கக்கூடிய செலவு. ஆரஞ்சு கொட்டிக் கிடக்கும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். இது அரிசி தின்கிற ஊர் அண்ணா. ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா என்று ஓர் ஏரி, சுற்றிலும் நெல் வயல். குட்டையாக உருண்டையாக இருக்கும் அரிசி, நான் அதில்தான் இட்லிக்குப் போடுகிறேன், மோசமில்லை. நம்மூர் வயலில் களை என்று பிடுங்கி எறிவோமே கோரை, அந்தச் சாதிக் கிழங்கை ஊறவைத்து அரைத்து வடிகட்டி, சர்க்கரை போட்டு, ஓர்ச்சாத்தா என்று குளிரக் குளிர விற்கிறார்கள். பக்கத்து ஊர் அல்போராயா அதற்குப் பேர்போனது. என் மாமியார் வந்தபோது ஒரு தம்ளர் குடித்துவிட்டு, இதையா காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று கேட்டார், அப்புறம் தினமும் குடித்தார்.

மீன் விஷயம்: வஞ்சிரம், கொடுவாவை மறந்துவிடுங்கள். நெத்திலி, மத்தி, கணவாய் தாராளம். திங்கட்கிழமை மீன் கடை பெரும்பாலும் மூடியிருக்கும், சனி ஞாயிறு படகு போகாது. மதியம் 2 மணிக்குச் சாத்துகிற சின்னக் கடைகள் 5 மணிக்குத்தான் திறக்கும். பெண்ணுக்குப் பள்ளியில் ஸ்பானிஷ் மட்டுமில்லை, வலென்சிய மொழியும் சேர்த்துப் படிக்க வேண்டும். 7 வயதென்றால் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வாள். உங்களுக்குத்தான் கஷ்டம்.

லாஸ்பேட்டை கணக்கு
செப்டம்பர் 8, இரவு 9.05

எல்லோரும் அடை, நெத்திலி என்று பேசுகிறீர்கள், கணக்கை யாரும் சொல்லவில்லை. நண்பரே, ஸ்பெயினில் நீங்கள் எவ்வளவு செலவு செய்வீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே விடுவதற்கு எவ்வளவு காட்டச் சொல்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

வேலை செய்யாமல் இருப்பதற்கான விசா ஒன்று உண்டு. ஸ்பெயின் அரசு வைத்திருக்கும் அளவுகோல் தொகை மாதம் 600 யூரோ, அதைப் போல் நான்கு மடங்கு விண்ணப்பிப்பவருக்கு, அதாவது வருடத்துக்கு 28,800. கூட வரும் ஒவ்வொருவருக்கும் 7,200. நீங்கள் மூன்று பேர் என்றால் 43,200 யூரோ. யூரோ இப்போது நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது, ஆக 43 லட்சத்துக்கு மேல். இது ஒரு வருடத்துக்கு. புதுப்பிக்கும்போது இரண்டு வருடத்துக்குக் காட்ட வேண்டும். தனியார் மருத்துவக் காப்பீடு தனி. முக்கியமாக, இந்த விசாவில் இருந்துகொண்டு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கக் கூடாது. சம்பளம் இல்லாமல் மனை விற்ற காசைத் தின்பீர்களா?

அடுத்தது 2023-இல் வந்த டிஜிட்டல் நோமாட் விசா. இதில் அங்கிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கலாம், துணைவரும் அங்கேயே வேலை தேடலாம். ஆனால் ஸ்பெயினுடைய குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு வருமானம் வேண்டும். 2025 கணக்கில் மாதம் 2,763 யூரோ உங்களுக்கு, மனைவிக்காக 1,036, குழந்தைக்காக 345. கூட்டினால் 4,144. நான்கு லட்சத்துக்கு மேல். உங்களுக்கு வருவது 1.9. அப்புறம், அங்கிருந்து வேலை செய்ய அனுமதிக்கிறோம் என்று கம்பெனி கடிதம் தர வேண்டும், சமூகப் பாதுகாப்புக்கும் வழி காட்ட வேண்டும். நம்மூர்க் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இதைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கவே ஒரு டிக்கெட் எடுக்கலாம்.

வீடு வாங்கினால் விசா கொடுத்த திட்டத்தை 2025 ஏப்ரலோடு மூடிவிட்டார்கள், தரகர் எவனாவது அதைச் சொல்லி வந்தால் நம்ப வேண்டாம்.

பணம் அனுப்புவதும் சும்மா இல்லை. வருடத்துக்கு ஒருவர் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், சரி. ஆனால் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்ளும். 45 லட்சம் அனுப்பினால் 7 லட்சம் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை அந்தக் காசு உங்கள் கையில் இல்லை. மனையை விற்பதென்றால் இங்கே குடியிருக்கும்போதே விற்றுவிடுங்கள், வெளிநாட்டுவாசி ஆன பிறகு விற்றால் வாங்குகிறவர் உங்களிடம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், அதற்குப் பயந்தே விலையைக் குறைப்பார். வருடத்தில் 183 நாளுக்கு மேல் அங்கே இருந்தால் உங்கள் உலக வருமானம் முழுவதுக்கும் ஸ்பெயினுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுச் சொத்து ஒரு வகையில் 50,000 யூரோவைத் தாண்டினால் அதற்குத் தனியாக ஒரு படிவம்.

மஞ்சக்குப்பத்தான்
செப்டம்பர் 9, காலை 7.50

கணக்கு சார், இரவெல்லாம் தூக்கம் போச்சு. நான் வாடகையையும் மளிகையையும் மட்டும் எழுதி வைத்திருந்தேன், எக்செல்லில் நிறம் எல்லாம் கொடுத்து.

பாகூரான்
செப்டம்பர் 9, காலை 8.30

போர்ச்சுகல் பாருங்கள் அண்ணா. லிஸ்பன் மலிவு என்கிறார்கள்.

உப்பளத்துப் பேரன்
செப்டம்பர் 9, காலை 8.44

லிஸ்பன் அட்லாண்டிக்கில் இருக்கிறது தம்பி. போர்ச்சுகலுக்கு மத்தியதரைக்கடலே கிடையாது. மலிவும் இல்லை.

பாகூரான்
செப்டம்பர் 9, காலை 8.46

கடல் கடல்தானே.

லாஸ்பேட்டை கணக்கு
செப்டம்பர் 9, காலை 10.15

துருக்கியில் மெர்சின், அந்தால்யா என்று சொல்லப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே: லிராவின் விலைவாசி ஏற்றத்தில் நேற்றைய மலிவு இன்றைக்கு இருக்காது, வெளிநாட்டவர் அதிகமாகிவிட்ட பேட்டைகளில் புதிதாகப் பதிவு செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். கிரீஸில் டிஜிட்டல் நோமாட்டுக்கு மாதம் 3,500 யூரோ காட்ட வேண்டும். மால்டாவில் ஆங்கிலம் ஆட்சிமொழி, அது ஒரு வசதி, ஆனால் அங்கே கேட்பது வருடத்துக்கு 42,000. எந்தக் கதவைத் தட்டினாலும் விலைப்பட்டியல் யூரோவில்தான்.

குருசுக்குப்பம் பெரியவர்
செப்டம்பர் 10, மாலை 6.20

தம்பி, நான் மார்செயில் 31 வருடம் இருந்தவன். பேருந்து ஓட்டினேன். 2016-இல் திரும்பி வந்துவிட்டேன். தமிழில் தட்டச்சு செய்வது என் பேத்தி, தப்பிருந்தால் அவளைத் திட்டவும்.

நாங்கள் போன காலத்தில் மார்செய் ஏழைகளின் ஊர். கிரேக்க மாலுமிகள் வந்து இறங்கிய நாளிலிருந்தே வெளியூர்க்காரன் வந்து இறங்குகிற துறைமுகம் அது, யாரும் உன்னை ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். நுவாய் சந்தையில் கொத்தமல்லியும் வெண்டைக்காயும் சேப்பங்கிழங்கும் கிடைத்தது, அரபுக்காரர்கள், கொமோரோக்காரர்கள், நாங்கள், எல்லோரும் ஒரே கடையில் பேரம் பேசுவோம். அந்தச் சந்தைக்கு ஒட்டின ஓபாஞ் தெருவில் 2018 நவம்பர் 5 அன்று காலையில் இரண்டு பழைய கட்டடங்கள் அப்படியே சரிந்து 8 பேர் செத்துப் போனார்கள். நான் அந்தத் தெருவில் இரண்டு வருடம் குடியிருந்திருக்கிறேன், சுவரில் விரல் நுழைகிற விரிசல் இருக்கும், மேலே சுண்ணாம்பு அடித்து மறைப்பார்கள். செய்தியைப் பார்த்த அன்று இங்கே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலிவு என்றால் ஏன் மலிவு என்று கேள். படிக்கட்டில் ஏறும்போது சுவரைப் பார், மேற்கூரையில் ஈரக்கறை பார்.

ஏன் திரும்பினேன் என்றால், என் மனைவி காலமானார். ஐந்தாவது மாடி. எதிர்வீட்டில் இருந்தவர் பன்னிரண்டு வருடமாக வணக்கம் சொன்னவர், அவர் பெயர் எனக்குத் தெரியாது. இங்கே வந்து பார்த்தால், இங்கேயும் பழைய ஆட்கள் பாதிப்பேர் இல்லை. வருடா வருடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு காகிதத்தில் முத்திரை வாங்கி அனுப்புகிறேன், அப்போதுதான் பென்ஷன் வரும். அந்த முத்திரை வாங்கப் போகிற அன்றைக்குத்தான் பழைய சகாக்களைப் பார்க்க முடிகிறது.

சில்வர்பீச் சிங்கம்
செப்டம்பர் 10, இரவு 8.02

ஐயா, நான் முதலில் கிண்டலாக எழுதிவிட்டேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மஞ்சக்குப்பத்தான்
செப்டம்பர் 11, இரவு 10.30

பெரியவர் ஐயாவுக்கு நன்றி, பேத்திக்கும். எனக்கு இன்னும் மூன்று கேள்வி. அம்மாவை அழைத்துப்போக முடியுமா? குளிர் எப்படி? அங்கே வெள்ளம் வருமா? டானா என்று ஏதோ செய்தியில் பார்த்த நினைவு.

முத்தியால்பேட்டைப் பொண்ணு
செப்டம்பர் 12, மதியம் 3.15

அம்மா: கஷ்டம். சாதாரணக் குடும்ப இணைப்பு வழியில் என்றால், நீங்கள் ஐந்து வருடம் இருந்து நிரந்தர அட்டை வாங்கிய பிறகு, அவர் 65-க்கு மேல் இருந்து, உங்களை நம்பித்தான் வாழ்கிறார் என்று நிரூபித்தால் சேர்க்கலாம். அதுவரை 180 நாளில் 90 நாள் என்று சுற்றுலா விசாவில் வந்து போவதுதான். என் அம்மா அப்படித்தான் வருகிறார். ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது ஊறுகாய் ஜாடியைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார், அடுத்த தடவை நிரப்பி வருவதற்கு.

குளிர்: வெளியே ஒன்றுமில்லை. ஜனவரியில் மதியம் வெயிலில் நடந்தால் மார்கழிக் காலை மாதிரி சுகமாக இருக்கும். வீட்டுக்குள்தான் நடுக்கம். பழைய அடுக்ககங்களில் ஹீட்டர் பொருத்தியிருக்க மாட்டார்கள், தரை முழுக்க ஓடு, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. முதல் குளிர்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் பூசணம் பிடித்து என் பட்டுப் புடவை ஒன்று போச்சு. மின்சாரத்துக்கு நேரத்துக்கு ஒரு விலை. வார நாளில் காலை 10 முதல் 2 வரை, மாலை 6 முதல் 10 வரை உச்சக் கட்டணம், நள்ளிரவுக்கு மேல் மலிவு. அதனால் இந்தக் கட்டடமே ராத்திரி பன்னிரண்டரைக்குத் துணி துவைக்கிறது. சமையலுக்கும் குளிக்க வெந்நீருக்கும் சிலிண்டர்தான், ஆரஞ்சு நிறம், 12.5 கிலோ. லாரி வந்தால் ஆள் சிலிண்டரைத் தட்டி ஓசை எழுப்புவார். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது நான் முத்தியால்பேட்டையில் இருப்பதாக நினைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வெள்ளம்: அண்ணா, இதைப் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் கேட்ட டானா, அதாவது இங்கே திடீரென்று பெருமழை கொட்டுகிற வானிலை, வந்தது 2024 அக்டோபர் 29. அன்றைக்கு நகரத்துக்குள் சொல்லும்படியாக மழையே இல்லை. மேற்கே மலைப்பக்கம் கொட்டியது, காய்ந்து கிடக்கும் ஓடைகள் வழியாகச் சாயங்காலம் பைபோர்த்தா, கத்தர்ரோஹா போன்ற ஊர்களுக்குள் வந்தது. கைப்பேசிக்கு எச்சரிக்கை வந்தபோது இரவு 8 மணி தாண்டிவிட்டது, அதற்குள் பல தெருக்களில் ஆள் உயரத் தண்ணீர். காரை எடுக்க அடித்தளத்துக்கு இறங்கியவர்கள் திரும்பவில்லை. இந்த மாகாணத்தில் மட்டும் 220-க்கு மேல் உயிர் போனது. நகரம் ஏன் தப்பியது என்றால், 1957-இல் துரியா ஆறு ஊரை மூழ்கடித்த பிறகு ஆற்றையே தெற்கே திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப்படுகை இப்போது 9 கிலோமீட்டருக்குப் பூங்கா, நான் தினமும் அங்கேதான் நடக்கிறேன். பெரும்பாலான சேதம் அந்தப் புது வாய்க்காலுக்குத் தெற்கே. ஒரு மாதம் கழித்து நவம்பர் 30-இல் ஃபெஞ்சல், புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. இங்கே சேறு அள்ளிய கையோடு ராத்திரி முழுக்க அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். மழை விட்ட பிறகு வருகிற தண்ணீர் உங்கள் கடலூருக்கு மட்டும் சொந்தமில்லை. வெள்ளத்துக்குப் பயந்து இங்கே வருவதென்றால் வர வேண்டாம், வந்தால் தரைத்தளம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் புகைப்படத்தை நம்பி 1,400 யூரோ அனுப்பினான், வந்து இறங்கினால் அந்த எண்ணில் கதவே இல்லை. சட்டப்படி முன்வைப்பு ஒரு மாத வாடகை, கூடுதல் உத்தரவாதம் என்று இரண்டு மாதம் வரை கேட்கலாம். தரகு வீட்டுக்காரர் தர வேண்டும் என்று 2023-இலிருந்து சட்டம், இருந்தும் வேறு பெயரில் உங்களிடம் கேட்பார்கள். வீடு கிடைத்ததும் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், எம்பாத்ரொனாமியெந்தோ. இந்த வார்த்தை வாயில் நுழைய எனக்கு ஒரு மாதம் ஆனது. அது இல்லாமல் பள்ளியும் இல்லை, மருத்துவரும் இல்லை. பதிவுக்குச் சம்மதிக்காத வீட்டுக்காரரிடம் வாடகைக்குப் போகாதீர்கள்.

புல்வார் வாசி
செப்டம்பர் 13, மாலை 5.00

ஒன்று கேட்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். புதுச்சேரி வெள்ளை நகரத்தில் எங்கள் தாத்தா காலத்து வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தங்கும் விடுதி ஆக்கினார்கள். வார இறுதிக்கு வருகிறவர்கள் ஓர் இரவுக்குக் கொடுப்பதை நாங்கள் மாதத்துக்குக் கூடக் கொடுக்க முடியாது. வெளியூர்க்காரனுக்குப் புதுச்சேரி மலிவு, உள்ளூர்க்காரன் வில்லியனூர் தாண்டிப் போய்விட்டான். நாமும் வலென்சியா போய் அங்கே ஒரு மீனவக் குடும்பத்துக்கு அதைத்தானே செய்வோம்?

முத்தியால்பேட்டைப் பொண்ணு
செப்டம்பர் 13, மாலை 6.12

உண்மை. கபன்யால் என்று இங்கே ஒரு மீனவர் பேட்டை, வீட்டு முகப்பெல்லாம் வண்ண ஓடு பதித்திருப்பார்கள், பார்த்தால் வைத்திக்குப்பத்துக்கு நகை போட்ட மாதிரி இருக்கும். அங்கேயும் இதே கதைதான். 2024-இல் மாலகாவிலும் வேறு ஊர்களிலும் வாடகையை எதிர்த்துப் பெரிய பெரிய ஊர்வலங்கள் போனார்கள், இங்கேயும் போனார்கள். நானும் போனேன். தூக்கிப் பிடித்த அட்டை என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறதோ என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

லாஸ்பேட்டை கணக்கு
செப்டம்பர் 13, இரவு 9.30

கடலூர்ச் சம்பளத்தில் அங்கே யாரையும் காலி செய்ய முடியாது, கவலை வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தான்
2025 டிசம்பர் 4, இரவு 10.55

இழையை மறுபடி தூக்கி விடுகிறேன், மன்னிக்கவும். கம்பெனியில் கேட்டேன். கணக்கு சார் சொன்ன அதே முகம். வருடத்தில் முப்பது நாள் வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டுமானால் ராஜினாமா கடிதம் எழுதலாம் என்றார்கள், இவ்வளவு வெளிப்படையாக இல்லை. சரி, ஆசையாவது தீரட்டும் என்று சுற்றுலா விசா எடுத்து நவம்பரில் மூன்று வாரம் போய் வந்தோம். அம்மா மாட்டேன் என்று அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

வலென்சியாவில் முத்தியால்பேட்டைப் பொண்ணு வீட்டுக்குப் போனோம், கோழிக் குழம்பு போட்டார், நன்றி. அல்புஃபேராவுக்குப் பேருந்தில் போனபோது அறுவடை முடிந்து வயலில் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். சூரியன் இறங்குகிற நேரம், வரப்பில் கொக்கு, ஒரே தண்ணீர்க்காடு. என் மனைவிக்குப் பிறந்த ஊர் லால்பேட்டை, வீராணம் ஏரிக்கரை. ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் நின்றாள். அப்புறம், மடை எங்கே இருக்கும் என்று கேட்டாள். கரையோடு ஒரு கிலோமீட்டர் நடந்து தேடிக் கண்டுபிடித்துக் காட்டினாள்.

பெண்ணுக்குப் பூங்கா பிடித்தது. எனக்குச் சந்தை பிடித்தது. பைபோர்த்தாவுக்கும் போனோம், யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு வருடம் ஆகியும் சில சுவர்களில் என் தோள் உயரத்துக்கு மண் கோடு அப்படியே இருந்தது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிற கோடு இடுப்பு உயரம். நான் இரண்டு தடவை வெள்ளையடித்தும் அது மறுபடி தெரிகிறது.

மனையை விற்கவில்லை. இப்போதைக்குப் போகவில்லை. மனைவி மட்டும் சாயங்காலம் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்திருக்கிறாள், எதற்கு என்றால் சும்மா என்கிறாள். நான் தனியாக வெளிநாட்டு வேலை எடுத்து யூரோவில் சம்பாதிக்க வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். இரண்டு மூன்று வருடம் ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். விமான நிலையத்தில் பையைத் திறந்து அம்மா உருக்கிக் கொடுத்த ஒரு கிலோ நெய்யை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். பால், இறைச்சி சம்பந்தப்பட்டது எதுவும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாதாம். கறிவேப்பிலையும் போச்சு. தேங்காய், வாழைப்பழத்துக்குத் தடை இல்லை. கீழே இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு இருந்தது, நாலு பையில் சுற்றி வைத்திருந்தேன். அதிகாரி மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், மீன் என்றால் 20 கிலோ வரை பரவாயில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உப்பளத்துப் பேரன்
டிசம்பர் 5, காலை 4.50

நெய்யைப் போட்டுவிட்டுக் கருவாட்டை விட்டார்களா! அண்ணா, அடுத்த தடவை தூலோன் வழியாக வாருங்கள்.

முத்தியால்பேட்டைப் பொண்ணு
டிசம்பர் 5, மதியம் 1.40

அந்தக் கருவாட்டில் பாதியை நேற்றுத்தான் வறுத்தேன். கீழ்வீட்டு அம்மாள் மேலே ஏறி வந்து, சிலிண்டர் கசிகிறதா, ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டார். மீதியைக் குழம்பாக வைக்கிறேன், ஜன்னலைச் சாத்திவிட்டு.